கடைசி வினைச்சொல்லில் நின்றுபோன கடிதம்

போன மழைக்காலத்தில் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் இருக்கும் மண்மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதல் நாள் விரல் நுழைந்தது. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு முழங்கை நுழைந்தது. இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே உள்ள எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் அப்படியொரு வெடிப்பைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போகிறவர் இல்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை எங்கள் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே கடிதம் எழுதுவது என்று முடிவானது. பிரதேச செயலாளருக்கு ஒன்று, பிரதி தோட்ட முகாமையாளருக்கு. எழுதும் வேலை, வழக்கம்போல, தமிழ் படிப்பிக்கிற என் தலையில் விழுந்தது.

இஸ்தோப்பில் (லயத்துத் திண்ணையில்) உட்கார்ந்து எழுதினேன். வெடிப்பின் நீளம், லயத்தின் இலக்கம், எத்தனை குடும்பம், எத்தனை குழந்தை என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. கடைசி வரியில்தான் வண்டி நின்றது. ‘அதிகாரிகளை அனுப்பி ஆய்வு செய்யுமாறு’ என்று எழுதியாயிற்று. அதற்குப் பிறகு என்ன வினை? தலைவர் ‘கோருகிறோம்’ என்று போடச் சொன்னார். (தலைவர் என்றால் எங்கள் பக்கத்தில் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர்தான்.) அடுத்த காம்பராவின் அப்பாயி நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். “மன்றாடுகிறோம் என்று போடு தம்பி, அப்போதுதான் மனம் இரங்குவார்கள்” என்றார். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் அவருடைய பேத்தி ‘விண்ணப்பிக்கிறோம்’ என்பதுதான் சரி என்றாள். என் கை ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்பதை நோக்கிப் போயிற்று. மழை விடும்வரை பேசினோம்.

அது வெறும் சொற்சண்டை இல்லை. தமிழில் வினை கடைசியில் வருகிறது. அந்த ஒரு சொல்லைப் படிக்கும்வரை, மேலே எழுதிய பத்து வரியும் புகாரா, கெஞ்சலா, உரிமைக் குரலா என்பது படிக்கிறவருக்குத் தெரியாது. இந்த விடயத்தில் நம் இலக்கணக்காரர்களுக்கு மிகப் பழைய காலத்திலேயே கண் இருந்தது. தொல்காப்பியம் எச்சவியலில் ‘ஈ, தா, கொடு’ என்னும் மூன்றையும் இரத்தற் சொற்களாகச் சொல்லி, ‘ஈ’ என்பது கேட்கப்படுகிறவரைவிடத் தாழ்ந்தவர் சொல், ‘தா’ என்பது ஒத்தவர் சொல், ‘கொடு’ என்பது உயர்ந்தவர் சொல் என்று பிரித்துவைக்கிறது. ஒரே பொருளைத்தான் மூவரும் கேட்கிறார்கள். எங்கே நின்று கேட்கிறார்கள் என்பதை வினை காட்டிக்கொடுத்துவிடுகிறது. இன்றைக்கு யாரும் அலுவலகக் கடிதத்தில் ‘ஈ’ என்று எழுதுவதில்லை. ஆனால் மன்றாடு, வேண்டு, கேட்டுக்கொள், கோரு என்ற வரிசையில் அதே படிக்கட்டு அப்படியே இருக்கிறது.

அப்பாயியின் சொல்லில் தொடங்குகிறேன். எனக்கு மிகவும் மனவருத்தத்தோடு தள்ளவேண்டியிருந்த சொல் அதுதான்.

‘மன்றாடு’ என்பதில் உள்ள ‘மன்று’ அவையைக் குறிக்கிறது. அவையில் நின்று வழக்குப் பேசுவது என்ற கம்பீரமான பொருள் அதற்கு உண்டு. இலங்கையின் சட்டத் தமிழில் அந்த வாசனை இன்னும் போகவில்லை. அரசாங்கத்துக்காக நீதிமன்றத்தில் தோன்றும் உயர் சட்ட அதிகாரியை ‘மன்றாடியார் அதிபதி’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அதே சொல் தோட்டத்துக் கடிதத்துக்குள் வந்ததும் முழந்தாளிட்டுவிட்டது. துரை பங்களாவின் படிக்குக் கீழே நின்று, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேசிய காலத்தின் சொல் அது. அந்தக் காலத்தில் வேறு சொல்லுக்கு இடமும் இல்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மூத்தவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கு இல்லை, வாக்கு இல்லாதவரின் கடிதத்துக்குப் பதில் எழுதவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. கூரை ஒழுகினாலும் துரை, குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் துரை. அவருடைய மனம் இரங்கினால்தான் உண்டு என்றால் மன்றாடத்தான் வேண்டும்.

அதனால் அப்பாயியின் யோசனையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அந்தச் சொல் இந்தக் கடிதத்துக்கு ஆகாது. மன்றாடுவது இரக்கத்தை நோக்கிப் பேசும் வினை. மண்சரிவு அபாயத்தைப் பார்வையிடச் செய்வது பிரதேச செயலாளரின் கடமைகளில் ஒன்று. அவர் இரங்கவேண்டியதில்லை, வேலை செய்தால் போதும். இன்னொரு காரணமும் உண்டு. உணர்ச்சியை வினை சுமந்துகொண்டால் விவரம் மெலிந்துபோகிறது. ‘எங்கள் உயிரைக் காக்குமாறு மன்றாடுகிறோம்’ என்று எழுதியவர் வெடிப்பின் நீளத்தை எழுத மறந்துவிடுகிறார். படிக்கும் அதிகாரிக்கு வேண்டியது நீளம்தான். மன்றாட்டுக்கு உரிய இடங்கள் இருக்கின்றன: தேவாலயத்து வழிபாடு, தண்டனைக் குறைப்பு, மன்னிப்பு. மறுக்க முழு உரிமை உள்ளவரிடம், நாம் கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லாதபோதும் கேட்கும் இடங்கள் அவை.

பேத்தியின் ‘விண்ணப்பிக்கிறோம்’ பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வடமொழி ‘விஞ்ஞாபனம்’ தேய்ந்து வந்த சொல் அது. ‘அறிவித்தல்’ என்பது வேர்ப்பொருள். நம் கட்சிகள் வெளியிடும் ‘தேர்தல் விஞ்ஞாபனம்’ இதற்கு அண்ணன்முறை. விண்ணப்பிப்பதற்குப் பெரும்பாலும் மூன்று வேண்டும்: ஒரு படிவம், ஒரு தகுதி, ஒரு முடிவுத் திகதி. தேசிய அடையாள அட்டை, முதலாம் தர அனுமதி, ஆசிரியர் வெற்றிடம் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். மண்மேட்டு வெடிப்புக்குப் படிவம் கிடையாது என்று சொன்னதும் அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது.

இந்த வினை கேட்கும் பொருளோடு ‘கு’ சேர்த்து வரும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். ‘விடுமுறைக்கு விண்ணப்பிக்கிறேன்’ சரி, ‘விடுமுறையை விண்ணப்பிக்கிறேன்’ பிழை. கோரு என்னும் வினையில் இது அப்படியே தலைகீழ்: ‘விடுமுறையைக் கோருகிறேன்’ அல்லது ‘விடுமுறை கோருகிறேன்’ சரி, ‘விடுமுறைக்குக் கோருகிறேன்’ பிழை. ஆங்கிலத்தில் முகாமையாளருக்கு எழுதுகிற எங்கள் பையன்கள் ‘ரிக்வெஸ்ட்’ என்ற வினைக்குப் பின்னால் தேவையில்லாமல் ‘ஃபோர்’ என்று ஒட்டுவதும் இதே இனத்துப் பிழைதான். அது பெயர்ச்சொல்லாக வரும்போதுதான் அந்த ஒட்டு பொருந்தும்.

சொல்லாமல் விட்டால் மனம் கேட்காத ஒன்று. மலையகத்தில் ‘விண்ணப்பம்’ என்பது வெறும் காரியாலயச் சொல்லாக இருந்ததில்லை. 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ், இந்த மண்ணில் பிறந்தவர்களே இந்த மண்ணுக்கு உரியவர்களாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பெரும்பகுதி விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவர்களிடம், எத்தனை வருடம் இங்கே தொடர்ந்து வசித்தாய் என்பதற்குப் பத்திரம் கேட்டால் எதைக் காட்டுவார்கள்? ஆகவே ‘விண்ணப்பித்தால் கிடைத்துவிடும்’ என்று பேத்தி எண்ணுவதும், அந்தச் சொல்லைக் கேட்டாலே அப்பாயி முகம் சுளிப்பதும் இரண்டு தலைமுறைக் கதை.

இப்போது தலைவரின் ‘கோருகிறோம்’. உண்மையான போட்டி இதற்கும் என் ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்பதற்கும் இடையில்தான்.

பிறப்பால் ‘கோரு’ அவ்வளவு காரமான சொல் இல்லை. தெலுங்கில் அதற்கு விரும்புதல் என்று பொருள். தமிழிலும் ‘நலம் கோரும்’ என்று கடிதங்களிலும் வாழ்த்து மடல்களிலும் மென்மையாக எழுதியிருக்கிறார்கள். காரம் ஏறியது ‘கோரிக்கை’ என்ற பெயரின் வழியாக. மலையகத்தில் கோரிக்கை என்றாலே சம்பளம்தான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். அதிலிருந்து, பல வருட இழுபறிக்குப் பிறகு 2021 இல் சம்பள நிர்ணய சபை மூலம் நாளுக்கு 1,000 ரூபாய் வந்ததுவரை எல்லாவற்றுக்கும் தலைப்பு ‘சம்பளக் கோரிக்கை’தான். பிறகு வந்த உயர்வுகளுக்கும் அதே தலைப்பு. அதனால் எங்கள் காதில் இந்த வினை விழும்போது பெரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) கூட்டமாக நிற்கும் ஆட்களும் சேர்ந்தே கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

இதை நான் பட்டு அறிந்தவன். பல வருடங்களுக்கு முன், தம்பிக்குத் தங்கச்சி கல்யாணத்துக்காக மூன்று நாள் விடுமுறை வேண்டியிருந்தது. புத்தகத் தமிழ் மிடுக்கில் ‘மூன்று நாள் விடுமுறை கோருகிறேன்’ என்று எழுதிக்கொடுத்தேன். அந்தத் தோட்டத்து ஆபிஸின் கிளாக்கர் அதை வாசித்துவிட்டு, “இதென்ன, கல்யாணக் கடிதமா சங்கக் கடிதமா?” என்று கேட்டாராம். விடுமுறை கிடைத்தது; ஆனால் தம்பி ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இலக்கணத்தில் ஒரு குற்றமும் இல்லை. வினை நின்ற இடம்தான் பிழை. வழக்கமான விடுமுறைகள் முடிந்துபோய், முகாமையாளர் விரும்பினால் தரலாம் என்ற நிலையில் கேட்டது அது. அங்கே ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்பதுதான் பொருந்தியிருக்கும்.

அப்படியானால் கோருவது எப்போது? மறுப்பவர்தான் காரணம் சொல்லவேண்டும் என்ற நிலை இருக்கும்போது. இதுதான் நான் கண்ட நம்பகமான சோதனை. ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில் தருபவரிடமிருந்து 12 சதவீதமும் அதில் சேரவேண்டும். அது உங்கள் பணம். ஒரு மாதத்துப் பணம் கட்டப்படவில்லை என்று அறிந்தால் ‘தயைகூர்ந்து கட்டியருளுமாறு மன்றாடுகிறேன்’ என்று எழுதுவது உங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்தவரிடம் நன்றி சொல்வதற்குச் சமம். ‘நிலுவையைச் செலுத்துமாறு கோருகிறேன்’ என்பதுதான் அளவான சொல்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் தெளிவான உதாரணம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. அதன் கீழ் தகவல் கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறேன் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. தருகிறோமா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அதற்குரிய காரணத்தை அவர்தான் எழுதவேண்டும். ‘எங்கள் தோட்டத்துப் பாதைக்கு ஒதுக்கப்பட்ட நிதியின் விவரங்களைக் கோருகிறேன்’ என்று எழுதும்போது அந்த வினைக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. அந்த உரிமை பிரஜைகளுக்கு மட்டும் உரியது என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்கிறேன். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 35 ஆம் இலக்கச் சட்டம் 2003 இல்தான் வந்தது. எங்களில் சில வீடுகளில் ‘கோரு’ என்ற வினைக்கு வயது அவ்வளவுதான்.

அமைப்பைப் பொறுத்தவரை கோரு எளிமையானது. பொருளுக்கு ‘ஐ’, ஆளுக்கு ‘இடம்’: ‘பிரதேச செயலாளரிடம் இழப்பீட்டைக் கோரினோம்.’ செயலைக் கேட்பதானால் ‘மாறு’ சேர்க்கலாம்: ‘பாதையைத் திருத்துமாறு கோரினோம்.’ அப்போது ஆளுக்கும் ‘ஐ’ வைத்து ‘அரசாங்கத்தைக் கோரினர்’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அது பழகிவிட்டது, எனக்கு எதிர்ப்பில்லை. எதிர்ப்பு எல்லாம் ‘கோரிக்கை விடுக்கிறோம்’, ‘கோரிக்கையினை முன்வைக்க விரும்புகின்றோம்’ என்று வினையைப் பெயராக்கி, அதன் வாலில் இன்னொரு வினையைக் கட்டி இழுப்பதில்தான். விரும்புவதோடு நிறுத்திவிட்டால் யார் கோருவது? ‘கோருகிறோம்’ என்ற ஒரே சொல் பத்தெழுத்து வேலையை ஐந்தெழுத்தில் செய்துவிடும்.

வேண்டு என்ற வினையைத் தலைவரும் சொல்லவில்லை, அப்பாயியும் சொல்லவில்லை. ஆனால் அச்சில் அதிகம் காணப்படும் வினைகளில் அது ஒன்று என்பதால் விட்டுவிட முடியாது. ‘வேண்டுகிறேன்’ என்றால் மரியாதையும் சற்றே கனமும் உண்டு. பொதுமக்களுக்கு விடுக்கும் வேண்டுகோள், இரத்ததானம், கோயில் திருப்பணி போன்றவற்றுக்கு அழகாகப் பொருந்தும். ‘கொள்’ சேர்ந்து ‘வேண்டிக்கொள்கிறேன்’ ஆகிவிட்டால் எங்கள் காதுக்குச் சாமி வந்துவிடுகிறது. மாரியம்மன் சந்நிதியில் மஞ்சள் துணியில் காசு முடிகிறவர் செய்வது வேண்டிக்கொள்ளுதல். பிரதேச செயலாளரிடம் வேண்டிக்கொண்டால், வேலை முடிந்ததும் அவருக்குத் தேர் இழுக்கவேண்டி வரும்.

ஒரு சிறு எச்சரிக்கை: ‘வேண்டும்’ என்பது கட்டாயத்தையும் குறிப்பதால், அவசரத்தில் ‘தாங்கள் வந்து பார்க்க வேண்டும் என வேண்டுகிறேன்’ என்று எழுதிவிடுகிறோம். முதல் பாதி கட்டளை, இரண்டாம் பாதி வணக்கம். ‘பார்வையிடுமாறு வேண்டுகிறேன்’ என்றால் இந்த உதைப்பு இல்லை.

இனி என் கட்சி. ‘கேள்’ என்ற வினைக்குச் செவியால் கேட்பதும் வாயால் கேட்பதும் ஒன்றாகவே இருக்கிறது. வினா எழுப்புவதற்கும் பொருள் கேட்பதற்கும்கூட வேறுபாடு இல்லை. அதைத் தெளிவாக்குவது ‘கொள்’ என்ற துணைவினை. ‘அதிபரிடம் கேட்டேன்’ என்றால் ஏதோ வினவினேன் என்றும் கொள்ளலாம். ‘அதிபரைக் கேட்டுக்கொண்டேன்’ என்றால் வேண்டுகோள் என்பதில் ஐயமில்லை. இங்கே உருபு மாறுவதைக் கவனியுங்கள். கேள் வினையோடு ‘இடம்’ வருகிறது. கேட்டுக்கொள் என்பதோடு ‘ஐ’ வருகிறது. ‘தங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். சிவப்பு மை எடுக்குமளவு குற்றம் இல்லை என்றாலும் ‘தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்’ என்பதே திருத்தமானது. இன்னொன்று: இந்த வினை செயலைத்தான் கேட்கும், பொருளைக் கேட்காது. ‘விடுமுறையைக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுத முடியாது. ‘விடுமுறை தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்றுதான் வரும். பொருளை நேராகக் கேட்க ஆசைப்பட்டால் கோருவிடம் போகவேண்டும். ‘கேட்டுக்’ என்றும் ‘கொள்கிறேன்’ என்றும் பிரித்து எழுதுவோரும் உண்டு. துணைவினை என்பதால் சேர்த்து எழுதுவதையே நான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

இதன் பலம் சமநிலை. தாழவும் இல்லை, மிரட்டவும் இல்லை. தொல்காப்பியம் சொன்ன ‘தா’ இருந்த இடத்தில் இன்று இது இருக்கிறது. இதன் பலவீனம் பழக்கத்தால் வந்த சவத்தன்மை. ‘பயணிகள் மிதிபலகையில் நிற்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று பஸ்ஸில் ஒட்டியிருப்பதைப் படித்துக்கொண்டே மிதிபலகையில் தொங்குகிறோம். கேட்டுக்கொள்வது யார் என்றே அந்த வாக்கியத்தில் இல்லை. பிறகு எப்படி நாம் கேட்போம்? நிறுவனம் அறிவித்தல் போடும்போது ‘படு’ சேர்த்து ஒளிந்துகொள்ளட்டும். பெயரும் கையொப்பமும் இட்டு எழுதுகிற குடிமகனுக்கு அந்த ஒளிவு தேவையில்லை. தனியொருவர் கடிதத்தில் ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்று பன்மை போடுவதும் அதே ஒளிவின் தம்பிதான். பலர் சேர்ந்து கையொப்பமிட்டுக் கையளிக்கும் மகஜருக்கு ‘றோம்’, தனிக் கடிதத்துக்கு ‘றேன்’.

எங்கள் நாட்டுத் தமிழில் ‘கேட்டு நிற்கிறேன்’, ‘வேண்டி நிற்கின்றோம்’ என்றும் எழுதும் வழக்கு உண்டு. சிங்களக் கடிதங்கள் ‘இல்லா சிட்டிமி’ என்று முடியும். கேட்டு நிற்கிறேன் என்றே அதையும் பெயர்க்கலாம். இரண்டு மொழியும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் சாயல் தட்டத்தான் செய்யும். எனக்கு அந்த ‘நிற்கிறேன்’ பிடிக்கும், ஆனால் பதில் வராமல் நிற்பதும் அதில் கேட்பதால் நான் பயன்படுத்துவதில்லை.

இதற்குள் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள்: பிரதேச செயலகத்தில் தமிழ்க் கடிதத்தை வாங்குவார்களா? வாங்கவேண்டும். 1988 இல் வந்த 16 ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையைத் தருகிறது. ஆகவே ‘தமிழில் பதில் தருமாறு’ என்பதற்குப் பின்னால் எந்த வினை வரவேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

வினையைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். கரட்டுப்படியை வாசித்துப் பார்த்தால் உண்மையான பிழை வினைக்கு முன்னால் இருந்தது. நான் எழுதியிருந்தது இது:

‘பணிவுடன் அதிகாரிகளை அனுப்பி ஆய்வு செய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.’

யாருடைய பணிவு? வாக்கியத்தின்படி பார்த்தால் பிரதேச செயலாளர்தான் பணிவுடன் ஆட்களை அனுப்பவேண்டும். பணிவு, தாழ்மை, அன்பு எல்லாம் எழுதுகிறவரின் குணங்கள். அவை ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்பதை ஒட்டி நிற்கவேண்டும். ‘ஆய்வு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ இதற்கு நேர்மாறானவை ‘தயவுசெய்து’, ‘அருள்கூர்ந்து’, ‘தயைகூர்ந்து’ ஆகியவை. தயவு செய்கிறவர் கேட்கப்படுகிறவர். ஆகவே அவை ‘மாறு’ என்பதற்கு முன்னால், அவர் செய்யவேண்டிய செயலோடு ஒட்டவேண்டும். ‘ஆய்வு செய்யுமாறு தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்’ என்றால் கேட்பதையே தயவாக நான் செய்கிறேன் என்று ஆகிவிடும். நான் வாசிக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு குணச்சொற்களும் வீடு மாறித்தான் குடியிருக்கின்றன.

‘மாறு’ என்பதிலும் ஒரு பொறி உண்டு. ‘செய்யும் ஆறு’, அதாவது செய்யும் வழி என்பதுதான் செய்யுமாறு ஆனது. அந்தச் செயலைச் செய்கிறவர் கேட்கப்படுகிறவராக இருக்கவேண்டும். ‘எனது மகன் அனுமதி பெறுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஒரு தகப்பனார் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அனுமதி பெறுகிறவன் மகன்; பாடசாலை அதிபர் செய்யவேண்டியது வழங்குவது. ‘எனது மகனுக்கு அனுமதி வழங்குமாறு’ என்று மாற்றியதும் வாக்கியம் நிமிர்ந்தது. ‘வழங்கும்படி’ என்றாலும் பொருள் அதுவே. ஆனால் ‘சுற்றறிக்கையின்படி வழங்கும்படி’ என்று இரண்டு ‘படி’ அடுத்தடுத்து வரும் இடங்களில் மாறு என்பதையே எடுத்துக்கொள்வேன்.

கடைசியில் எங்கள் கடிதத்துக்கு ஒரே வினை போதவில்லை. தலைவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆய்வுக்கு ஆட்களை அனுப்புவது எந்த நாள், யாரை என்பதெல்லாம் அவர்கள் முடிவு, அதைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆய்வு முடியும்வரை குழந்தைகளை அந்த மேட்டுக்குக் கீழே படுக்கவைக்காமல் இருப்பது யாருடைய விருப்பத்துக்கும் விட்டுவிடக்கூடியது இல்லை. ஆகவே இரண்டு வாக்கியமாகப் பிரித்தோம்:

‘மேற்படி வெடிப்பைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகளைக் கொண்டு பரிசோதிப்பிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம். பரிசோதனை முடியும்வரை இந்த லயத்துக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் கோருகிறோம்.’

தலைவர் இரண்டாவது வாக்கியத்தை இரண்டுமுறை வாசிக்கச் சொன்னார். முதல் கடிதத்திலேயே எல்லா இடத்திலும் கோரிவிட்டால், பதில் வராதபோது எழுதும் நினைவூட்டலுக்கு என்ன வினை மிச்சம் இருக்கும் என்று நான் கேட்டது அவருக்குச் சரியாகப்பட்டது. எல்லோரும் கையொப்பமிட்டார்கள். பேத்தி அதைத் திருத்தமாகப் பிரதி எடுத்தாள்.

அப்பாயி மட்டும் பேனாவை வாங்காமல் உட்கார்ந்திருந்தார். நாலு பேர் உயிர் விடயத்தில் ‘தயவுசெய்து’ என்ற ஒரு சொல்கூட இல்லாமல் கடிதம் போகலாமா என்பது அவருடைய கவலை. கடிதத்தைத் திரும்ப வாங்கி, ‘அதிகாரிகளைக் கொண்டு’ என்பதற்கும் ‘பரிசோதிப்பிக்குமாறு’ என்பதற்கும் நடுவில் அம்புக்குறி போட்டு, மேலே அந்தச் சொல்லை எழுதினேன். அவர் தமது பெயரை மெதுவாக, எழுத்தெழுத்தாக எழுதிக் கையொப்பமிட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.